‘வயதாகிவிட்டது என்றுதான் நினைத்தோம்’: சோடியம் குறைந்ததை எப்படிக் கண்டுகொள்வது?

வாசகி ஒருவரின் கடிதம்:

வணக்கம் டாக்டர். என் அம்மாவுக்கு 71 வயது. ஒல்லியான உடம்பு. பல வருடமாகப் பிரஷர் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன் பிரஷர் மாத்திரையை மாற்றினார்கள். மூன்று வாரம் ஆனதும் அம்மா பகலிலும் தூங்கி வழிய ஆரம்பித்தார். சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுகிறது, தலை பாரமாக இருக்கிறது என்றார். சோர்வு தீரட்டும் என்று நாங்களே தண்ணீரை நிறையக் குடிக்கவைத்தோம். ஒரு நாள் இறந்துபோன என் பெரியம்மாவின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். குளியலறைக்குப் போகும் வழியில் இரண்டு முறை விழப் பார்த்தார். வயதாகிவிட்டது, மறதி நோய் தொடங்குகிறது என்றுதான் நினைத்தோம். வாந்தி எடுத்த பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். சோடியம் 118 என்றார்கள். ஆறு நாள் வைத்திருந்து, 133 ஆனதும் அனுப்பினார்கள். இதை நான் முன்பே கண்டுபிடித்திருக்க முடியாதா? இனி உப்பைக் கூட்டிப் போடு என்கிறார்கள் உறவினர்கள். பிரஷர் உள்ளவருக்கு அது சரியா? உப்பு குறைந்தால் டிரிப்ஸில் ஒரே நாளில் ஏற்றிவிட முடியாதா, அதற்கு ஏன் ஆறு நாள்? சில மணி நேரத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுத்து அம்மாவின் கை முழுக்கக் காயம். இப்போது அவர் தண்ணீர் குடிக்கவே பயப்படுகிறார்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தூக்கம், குமட்டல், தலைபாரம், தடுமாற்றம், பெயர் மாறியது என்று எதையும் நீங்கள் கவனிக்காமல் விடவில்லை. அதற்கு வைத்த பெயர்தான் தப்பாகிவிட்டது. அந்தத் தப்பை டாக்டர்களும் செய்கிறோம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவரை ‘மறதி நோயாக இருக்கலாம்’ என்று எழுதி நரம்பியல் டாக்டரிடம் அனுப்பினேன். அவர் மூளைப் படம் எடுப்பதற்கு முன்னால் சாதாரண ரத்தப் பரிசோதனை ஒன்றை எழுதினார். சோடியம் 119. பெரியவருக்கு ஒரு வாரமாக இருமல் இருந்திருக்கிறது, நுரையீரலில் நிமோனியா. நான் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அன்றிலிருந்து, வயதானவர் ஒருவர் ‘சில நாளாக ஒரு மாதிரி இருக்கிறார்’ என்று யார் சொன்னாலும் முதலில் சோடியத்தைத்தான் பார்க்கிறேன். கூடவே சுகரையும்.

ரத்தநீரில் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் சோடியம் இருக்க வேண்டும். (சில ஆய்வகங்கள் மில்லி ஈக்விவலன்ட் என்று அச்சிடும். சோடியத்தைப் பொறுத்தவரை எண் ஒன்றுதான், குழம்ப வேண்டாம்.) 130 முதல் 134 வரை லேசான குறைவு, 125 முதல் 129 வரை நடுத்தரம், 125-க்குக் கீழே போனால் தீவிரம் என்று பிரித்துவைத்திருக்கிறோம். ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்து ஆபத்தை எடைபோட முடியாது. 114 சோடியத்தோடு தானே நடந்து வந்து, ‘கொஞ்சம் அசதி, வேறொன்றும் இல்லை’ என்று என் எதிரே உட்கார்ந்தவர்கள் உண்டு. 124-இல் வலிப்பு வந்தவர்களும் உண்டு. எவ்வளவு குறைந்தது என்பதைவிட எவ்வளவு வேகமாகக் குறைந்தது என்பதே பெரிய விஷயம்.

ஏன் என்பதற்கு மூளையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ரத்தத்தில் சோடியத்தின் செறிவு குறைந்தால், கரைபொருள்களின் செறிவு குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்கு, அதாவது ரத்தத்திலிருந்து உயிரணுக்களுக்குள் நீர் போகும். உயிரணுக்கள் ஊறி வீங்கும். கையிலும் காலிலும் உள்ள தசைக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை, விரிந்துகொள்ள இடம் இருக்கிறது. மூளையைச் சுற்றி மண்டை ஓடு. அதற்கு நெகிழத் தெரியாது. அதனால்தான் உடம்பு முழுக்க ஓடும் ரத்தத்தில் ஏற்பட்ட மாற்றம், காலிலோ வயிற்றிலோ தெரியாமல், தலைபாரமாகவும் குமட்டலாகவும் குழப்பமாகவும் வெளியே வருகிறது. குமட்டலைப் பார்த்து வயிற்றுக் கோளாறு என்று நினைப்பது சகஜம். இங்கே அது பெரும்பாலும் மூளை கொடுக்கும் சத்தம்.

மூளையும் சும்மா இருப்பதில்லை. உள்ளே வந்த நீரைச் சமாளிக்கத் தன்னிடம் உள்ள பொட்டாசியம் போன்ற உப்புகளையும் வேறு சில கரைபொருள்களையும் வெளியே தள்ளும். அவை போனால் கூடவே நீரும் போகும், வீக்கம் வடியும். இந்த வேலைக்கு ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். சோடியம் வாரக்கணக்கில் மெதுவாக இறங்கினால் மூளைக்கு அந்த அவகாசம் கிடைத்துவிடும். சில மணி நேரத்தில் சரிந்தால் கிடைக்காது. மாரத்தான் ஓட்டக்காரர்களுக்கு நடப்பது இரண்டாவது வகை. 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. மூன்று பேருக்கு 120 அல்லது அதற்கும் கீழே. வழியெல்லாம் அளவுக்கு மீறிக் குடித்து, புறப்பட்ட எடையைவிடக் கூடுதல் எடையோடு வந்து சேர்ந்தவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள்.

உங்கள் அம்மாவுக்கு நடந்தது முதல் வகை, மெதுவாக இறங்கியது. இதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் ஒவ்வொரு அறிகுறிக்கும் கையோடு ஒரு சமாதானம் இருக்கிறது. தூங்கினால் ராத்திரி தூக்கமில்லை என்போம், சாப்பிடாவிட்டால் வாய் ருசிக்கவில்லை என்போம். தடுமாறினால் முழங்கால் வலி, பெயரை மாற்றிச் சொன்னால் வயது. தனித்தனியாக எடுத்தால் எல்லாமே நியாயமான சமாதானம்தான். நான்கும் சில வாரத்துக்குள் வந்து சேர்ந்தன என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. மறதி நோய் அப்படி வராது. மாதங்களும் வருடங்களும் எடுத்துக்கொள்ளும், பெரும்பாலும் ஆளை விழிப்பாகவே வைத்திருக்கும். நாள் கணக்கில் வரும் குழப்பம், அதிலும் காலையில் தெளிவு, மாலையில் மயக்கம் என்று ஏறி இறங்கும் குழப்பம், உடம்பில் ஏதோ புதிதாகக் கெட்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். அது சோடியமாக இருக்கலாம், சுகராக இருக்கலாம், சிறுநீர்த் தொற்றாகவோ நிமோனியாவாகவோ இருக்கலாம். எதுவானாலும் அன்றே பார்க்க வேண்டியது.

நடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சோடியம் லேசாகக் குறைந்தாலே நடை கெடலாம், அதைக் குடும்பத்தார் மட்டும்தான் கவனிக்க முடியும். கால்களை அகட்டி வைப்பது, திரும்பும்போது சுவரைப் பிடிப்பது, நேர்கோட்டில் போக முடியாமல் சாய்வது, இவையெல்லாம் என் அறையில் நாலடி நடக்கவைத்தால் எனக்குத் தெரியாது. ‘அறிகுறியே இல்லை, வெறும் எண்தான் குறைவு’ என்று கருதப்பட்ட 122 நோயாளிகளைப் பற்றி பெல்ஜிய மருத்துவர்கள் 2006-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்களில் ஐந்தில் ஒருவர் கீழே விழுந்ததால்தான் மருத்துவமனைக்கே வந்திருக்கிறார். சோடியம் சரியாக இருந்தவர்களில் அப்படி வந்தவர் இருபதில் ஒருவர். நடையையும் கவனத்தையும் சோதித்துப் பார்த்ததில், மிதமாக மது குடித்தவரின் தள்ளாட்டத்துக்குக் குறையாத தள்ளாட்டம். ஆகவே உங்கள் அம்மா இரண்டு முறை விழப் பார்த்ததை முழங்கால் கணக்கில் சேர்க்காதீர்கள். விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தால், சோடியம் சரியான பிறகும் அந்தக் கஷ்டம் போயிருக்காது.

பேச்சையும் கவனியுங்கள். கேட்ட கேள்விக்குப் பதில் வர வழக்கத்தைவிட நேரமாகும், வாக்கியம் பாதியில் நின்றுபோகும், ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்பார்கள். சிலர் சிடுசிடுப்பார்கள். தசைப்பிடிப்பும் வரலாம், ஆனால் அதற்கு நூறு காரணம் உண்டு என்பதால் நான் அதற்கு அதிக மதிப்புக் கொடுப்பதில்லை. தாகம், நாக்கு வறட்சி, பிரஷர் எண் இவற்றை வைத்து வீட்டிலேயே முடிவுக்கு வரவும் முடியாது. ரத்தப் பரிசோதனை ஒன்றுதான் வழி. அது எளிய பரிசோதனை, பெரும்பாலும் அன்றே முடிவு கிடைத்துவிடும்.

சரி, எப்போது அடித்துப்பிடித்து ஓட வேண்டும்? எழுப்பினால் விழிக்காமல் மீண்டும் உறங்கிப்போவது, வலிப்பு, தலைவலியோடு திரும்பத் திரும்ப வாந்தி, யார் எவர் என்று தெரியாத குழப்பம், மூச்சின் போக்கு மாறுவது. இதில் ஒன்று போதும், மறுநாள் காலை வரை காத்திருக்கக் கூடாது. வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். சாப்பிடும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள், அது எங்கள் வேலையில் பாதியை மிச்சப்படுத்தும். அறிகுறிகள் படிப்படியாகத்தான் ஏறும் என்று நம்பி இருந்துவிடவும் வேண்டாம். சிலருக்கு முதல் அறிகுறியே வலிப்புதான். வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை ஒரு கால் மட்டும் வலுவிழந்தாலோ அது பக்கவாதமாக இருக்கலாம், அதற்கும் அதே அவசரம்.

இனி உப்புக்கு வருவோம். உங்கள் உறவினர்கள் சொல்வது கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது: சோடியம் என்றால் உப்பு, குறைந்தால் கூட்ட வேண்டியதுதானே? ஆனால் பரிசோதனை அளப்பது உடம்பில் மொத்தம் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதை அல்ல. ஒரு சொம்பு உப்புநீரில் இன்னொரு சொம்புத் தண்ணீரை ஊற்றுங்கள். உப்பு ஒரு கல்கூடக் குறையவில்லை, ஆனால் கரைசல் சப்பென்று ஆகிவிட்டது. உங்கள் அம்மாவின் ரத்தத்தில் நடந்ததில் பெரும் பகுதி இதுதான்: வெளியேற வேண்டிய தண்ணீர் வெளியேறவில்லை.

ஆரோக்கியமான சிறுநீரகம் இதற்கு அசராது. அதிகமாகக் குடித்தால் வெளுத்த சிறுநீராக மணிக்கு முக்கால் லிட்டருக்கு மேல்கூட வெளியே தள்ளிவிடும். அப்படித் தள்ள முடியாமல் செய்வதில் பேர்போனவை தையசைட் வகை மாத்திரைகள். இவை சிறுநீரகக் குழாயில் உப்பு திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுத்துப் பிரஷரைக் குறைக்கின்றன. நல்ல மருந்துகள், நானும் எழுதுகிறேன். ஆனால் அவை தடுக்கும் அந்த இடம்தான் சிறுநீரை நீர்க்கச் செய்யும் இடமும்கூட. எனவே உப்பு வெளியே போகும், தண்ணீர் உள்ளே தங்கும். வயதான, எடை குறைந்த பெண்களுக்கு இது அதிகம் நடக்கிறது, பெரும்பாலும் மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களில். உங்கள் அம்மா இந்த வர்ணனைக்கு அச்சாகப் பொருந்துகிறார். அதற்கு மேல் குமட்டலால் சாப்பாடு குறைந்தது. சிறுநீரகம் தண்ணீரை வெளியேற்ற, கூடவே அனுப்பக் கொஞ்சம் உப்பும், புரதத்திலிருந்து வரும் யூரியாவும் வேண்டும். சாப்பிடாமல் தண்ணீர் மட்டும் குடிப்பவருக்கு அந்தச் சரக்கு இருக்காது. நீங்கள் அன்போடு கொடுத்த தண்ணீர் அந்த நேரத்தில் எதிராகப் போய்விட்டது. இது யாருக்கும் தானாகத் தோன்றக்கூடிய விஷயம் இல்லை.

இரண்டு மாதத்துக்கு முன் மாற்றிக் கொடுத்த அந்த மாத்திரையின் அட்டையை எடுத்துச் சிறிய எழுத்தைப் படியுங்கள். ஹைட்ரோகுளோரோதையசைட், குளோர்தாலிடோன், இன்டபமைட் இவற்றில் ஒன்று இருக்கிறதா? இரண்டு மூன்று மருந்து சேர்ந்த மாத்திரைகளில் இது ஒளிந்திருக்கும். பல நேரம் பெயரின் வாலில் ‘எச்’ என்ற எழுத்து மட்டும் அடையாளமாக ஒட்டியிருக்கும். இருந்தால், இனி எந்த டாக்டரிடம் போனாலும் ‘இந்த மருந்தில் அம்மாவுக்குச் சோடியம் 118-க்கு இறங்கியது’ என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஒரு முறை இப்படி ஆனவருக்கு மீண்டும் அதே வகையைக் கொடுத்தால் மீண்டும் இறங்க வாய்ப்பு அதிகம். பிரஷருக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. ஆனால் டாக்டரிடம் கேட்காமல் நீங்களாகப் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

தையசைட் மட்டும்தான் காரணம் என்பதில்லை. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள், வலிப்புக்கான கார்பமசெபைன், ஆக்ஸ்கார்பசெபைன், இரவில் சிறுநீர் போவதைக் குறைக்கும் டெஸ்மோபிரஸ்ஸின் ஆகியவையும் சோடியத்தை இறக்கும். நிமோனியா, காசநோய், நுரையீரல் புற்றுநோயில் ஒரு வகை, இதயம் அல்லது கல்லீரல் பலவீனம், அட்ரினல் சுரப்பிக் குறைபாடு, விடாத வாந்தி பேதி என்று பட்டியல் நீளும். சுகர் மிக அதிகமாக ஏறியிருந்தாலும் சோடியம் குறைவாகக் காட்டும். அங்கே சுகரைச் சரிசெய்தாலே எண் பெருமளவு ஏறிவிடும்.

காரணம் இப்படி மாறுவதால்தான் உப்பைக் கூட்டுவது பொதுவான மருந்தாக முடியாது. இதயம் பலவீனமானவருக்கு உப்பைக் கூட்டினால் காலும் நுரையீரலும் நீர் கோத்துக்கொள்ளும், சோடியம் ஏறாது. வாந்தி பேதியில் உப்பையே இழந்தவருக்கு உப்பும் நீரும் இரண்டும் தேவை. உங்கள் அம்மாவுக்கு, டாக்டர் வேறு மாதிரி சொல்லாதவரை, வழக்கமான அளவு உப்போடு வயிறாரச் சாப்பிடுவதே போதும். இதுவரை உப்பே இல்லாமல் சாப்பிட்டுவந்தார் என்றால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். குழம்பிய நிலையில் இருப்பவருக்கு உப்புக் கரைசலை வாயில் ஊற்றும் வேலை மட்டும் எந்த நாளிலும் வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொடியைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி கரைத்தால் அதில் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம் இருக்கும். பேதிக்கு அது உயிர்காக்கும் மருந்து. ஆனால் 75 என்பது ரத்தத்தில் இருப்பதைவிடக் குறைவு. தண்ணீரை வெளியேற்ற முடியாத சிறுநீரகத்துக்கு அதுவும் ஒரு சொம்புத் தண்ணீர்தான்.

அந்த ஆறு நாள் பற்றிய உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அங்கே இருந்த டாக்டர்கள் நிதானமாக இருந்தார்கள் என்பதற்கு நீங்கள் நன்றி சொல்லலாம். முன்பு சொன்னேன் அல்லவா, மூளை தன் சரக்கை வெளியே தள்ளி வீக்கத்தைச் சமாளிக்கும் என்று? தள்ளியதைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள அதற்குப் பல நாள் வேண்டும். அதற்குள் ரத்தத்தில் சோடியத்தை மளமளவென்று ஏற்றினால் இப்போது நீர் எதிர்த்திசையில் ஓடும். மூளை உயிரணுக்கள் சுருங்கும், நரம்புகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறை உரிந்துபோகும். கொடுமை என்னவென்றால், நோயாளி முதலில் தெளிந்து நன்றாகப் பேசுவார். இரண்டு முதல் ஆறு நாள் கழித்து நாக்குக் குழறும், விழுங்க முடியாது, கை கால் செயலிழக்கும். இந்த நிலை மருத்துவ இதழில் முதலில் விவரிக்கப்பட்டது 1959-இல். வேகமாக ஏற்றுவதே காரணம் என்று தெளிவாக மேலும் பல ஆண்டுகள் ஆயின.

ஆகவே 24 மணி நேரத்துக்கு 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்கிறோம். சரியாகச் சாப்பிடாதவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள், பொட்டாசியமும் சேர்ந்து குறைந்தவர்கள் என்றால் அதையும்விட நிதானம். வலிப்பு வந்தால் மட்டும் கதை வேறு. அடர்த்தியான 3 சதவீத உப்பு டிரிப்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து முதல் சில மணி நேரத்திலேயே 4 முதல் 6 மில்லிமோல் வரை ஏற்றுவோம். மூளை வீக்கம் தணிய அது போதும். பிறகு வேகத்தைக் குறைத்துவிடுவோம். கை முழுக்கக் காயம் ஆனதற்கும் காரணம் இருக்கிறது. தையசைட்டை நிறுத்தியதும் அடைபட்டிருந்த சிறுநீரகம் திறந்துகொண்டு, தேங்கிய தண்ணீரை ஒரே மூச்சில் வெளியேற்றத் தொடங்கலாம். அப்போது நாங்கள் எதுவும் ஏற்றாமலேயே சோடியம் தாவும். அதைப் பிடிக்கச் சில மணி நேரத்துக்கு ஒரு முறை ரத்தம் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இப்போது செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வீட்டுக்கு வந்த ஒரு வாரத்துக்குள் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மறுபடி பாருங்கள். அதன் பிறகு எப்போது என்பதை அந்த முடிவை வைத்து உங்கள் டாக்டர் சொல்வார். எந்தப் புது மாத்திரை தொடங்கினாலும், ‘இது சோடியத்தைக் குறைக்குமா, எப்போது ரத்தம் பார்க்கலாம்?’ என்று கேளுங்கள். தையசைட்டோ மனச்சோர்வு மாத்திரையோ தொடங்கும் முதியவர்களுக்கு ஒன்று, இரண்டு வாரத்தில் ஒரு முறை பார்த்துவிடுவது என் வழக்கம். காரணமே கிடைக்காமல் சோடியம் மறுபடி இறங்கினால், அப்போது நெஞ்சு எக்ஸ்ரே, தைராய்டு, அட்ரினல் என்று தேட வேண்டியிருக்கும்.

தண்ணீரைக் கண்டு அம்மா பயப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்கு அனுப்பும்போது இத்தனை மில்லிலிட்டர்தான் குடிக்கலாம் என்று சீட்டில் எழுதியிருந்தால் அதன்படி நடங்கள். எழுதவில்லை என்றால் தாகம் எடுக்கும்போது குடிக்கட்டும், தாகம் இல்லாதபோது யாரும் டம்ளரை நீட்ட வேண்டாம். ‘ஒரு நாளைக்கு இத்தனை லிட்டர் குடித்தே ஆக வேண்டும்’ என்ற கணக்கு அவருக்குப் பொருந்தாது, அதை மறந்துவிடலாம். பயந்துகொண்டு குடிக்காமலே இருந்தால் உடல் வறண்டு, அடுத்த முறை வேறொரு கோளாறோடு வந்து நிற்பார். சாப்பாடு நன்றாக இறங்குகிறதா, பகலில் விழிப்பாக இருக்கிறாரா, சுவரைப் பிடிக்காமல் நடக்கிறாரா என்று தினமும் ஒரு கண் வைத்திருங்கள். அடுத்த பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.